ரம்மியிலிருந்து போக்கருக்கு: எந்தக் கையை ஆடுவது, எதை ஒதுக்குவது என்பதற்கான பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் போக்கர் ஆடக் கற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் பதின்மூன்று சீட்டு ரம்மியில் பல ஆண்டுகள் கை பழகியவர்கள். இறங்கிய சீட்டை நினைவில் வைப்பதிலும், எதிராளி எதை எடுக்கிறார் எதை விடுகிறார் என்று கவனிப்பதிலும், தோல்வி உறுதியானால் சேதத்தைக் குறைப்பதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனாலும் கையில் விழுந்த முதல் இரண்டு சீட்டைப் பார்த்து ஆடுவதா ஒதுக்குவதா என்று முடிவுசெய்யும் இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரியாகத் தடுமாறுகிறார்கள். ரம்மியில் சரியாக இருந்த பழக்கமே இங்கே இடம் மாறி வேலை செய்து கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே ஒவ்வொரு நோய்க்குறியையும் கூறி, அதைச் சோதிக்கும் முறையையும், அதன் பின்னால் இருக்கும் பழக்கத்தையும், திருத்தத்தையும் எழுதுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட நோய்க்குறிகள் பொருந்தினால் முதலில் வருவதை முதலில் திருத்துங்கள். பின்னால் உள்ளவற்றில் சில தாமாகவே மறைந்துவிடும்.

ஆட்டம் வரம்பற்ற டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை. அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஞாயிறு மாலை ஒன்பது பேர் உட்காரும் மேசையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்துள்ளது. வீட்டு மேசையிலும் பணம் தேவையில்லை, புளியங்கொட்டை போதும். ஆளுக்கு 200 கொட்டை. சீட்டு வருமுன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் சிறு பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. கீழ்வரும் எண்கள் எல்லாம் இந்த அளவுக்கு உரியவை.

நோய்க்குறி: பெரிய தோல்வி எதுவும் நினைவில் இல்லை, ஆனாலும் குவியல் கரைந்துவிட்டது

முதலில் சோதிக்கவேண்டியது எத்தனை கைகளில் நுழைந்தீர்கள் என்பதையே. பிளைண்டாகக் கட்டாயத்தின்பேரில் வைத்ததை விட்டுவிட்டு, நீங்களாக விரும்பிக் கொட்டை வைத்த கைகளை மட்டும் அடுத்த நாற்பது கைகளுக்கு எண்ணுங்கள். ஒன்பது பேர் மேசையில் அந்த எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் நோய் இதுதான்.

ரம்மியில் சீட்டைப் பார்த்தவுடன் ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, முழுத் தோல்விக்கு 80 என்பது பரவலான கணக்கு. விலகுவதற்கே முழுத் தோல்வியின் கால் பங்கை விலையாகக் கொடுக்கவேண்டியிருப்பதால், சுமாரான கையையும் ஓரிரு சுற்று இழுத்துப் பார்ப்பது அங்கே நியாயமே. மேலும், கெட்ட கையைச் சுற்றுக்கு ஒரு சீட்டாகத் திருத்திக்கொள்ளவும் வழியிருக்கிறது. போக்கரில் இரண்டுமே மாறிவிடுகின்றன. கையில் விழுந்த இரண்டு சீட்டும் கடைசிவரை அவையேதான். மேசையில் திறக்கும் ஐந்தும் எல்லோருக்கும் பொது. அவற்றில் முதலில் சேர்ந்து திறக்கும் மூன்று ஃபிளாப், கடைசியாகத் திறப்பது ரிவர். பிளைண்டில் இல்லாதவர் கையை ஒதுக்கினால் அவருக்கு அந்தக் கையில் எந்த இழப்பும் இல்லை. ஒன்பது கைகளுக்கு ஒருமுறை வைக்கும் 1, 2 ஆகிய மூன்று கொட்டைகளே மேசையில் உட்கார்ந்திருப்பதற்கான முழுச் செலவு. ஒரு கைக்குச் சராசரியாக மூன்றில் ஒரு கொட்டை. ஃபிளாப்பை மட்டும் பார்த்துவிடலாம் என்று வைக்கும் 2 கொட்டை அதைப்போல் ஆறு மடங்கு. ஜோடியில்லாத இரண்டு சீட்டு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது ஆவது மூன்றுக்கு ஒருமுறைதான் என்பதால், மீதி இரண்டு முறையும் அந்தக் கொட்டைகள் பெரும்பாலும் பிறருடைய குவியலுக்கே போகின்றன.

திருத்தம்: உங்களுக்கு முன் யாரும் நுழையாதபோது 2 கொட்டை மட்டும் வைத்து நுழைவதை முற்றிலும் நிறுத்துங்கள். ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, 6 வைக்கத் தகுதியில்லாத கை ஒதுக்கத் தகுதியான கையே. இந்த ஒரு விதி, எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்வதற்கு முன்பே, பாதிக்கும் மேற்பட்ட கசிவை அடைத்துவிடும்.

நோய்க்குறி: அதே கை சில வேளை வெல்கிறது, சில வேளை சிக்கலில் மாட்டுகிறது

எந்த இருக்கையில் அது நேர்ந்தது என்று பாருங்கள். பிளைண்டுகளுக்கு அடுத்த முன்னிருக்கையில் இருப்பவருக்குப் பின்னால், கையைத் திறக்கக் காத்திருப்பவர்கள் எட்டுப் பேர். சீட்டுப் போடுகிறவரின் இடமான டீலர் பட்டனில் இருப்பவருக்குப் பின்னால் இரண்டு பிளைண்டுகள் மட்டுமே. அதோடு ஃபிளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டன் கடைசியாகப் பேசுகிறது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் வசதி அதற்கு உண்டு. ரம்மியில் யாருக்குப் பின் உட்காருகிறோம் என்பது முக்கியந்தான். ஆனால் ஆடத் தகுந்த கையின் எல்லையையே அது இவ்வளவு தூரம் மாற்றுவதில்லை.

மொத்தம் உள்ள இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. முதல் மூன்று இருக்கைகளில், யாரும் நுழையாதபோது, 7-7 முதல் ஏஸ்-ஏஸ் வரையிலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே சின்னத்தில் ஏஸ்-ஜாக், ஒரே சின்னத்தில் கிங்-குயின் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவை 88 சேர்க்கைகள். பதினைந்து கைக்கு ஒன்று. நடுவிலுள்ள இரண்டு இருக்கைகளில் 5-5, 6-6, மாறுபட்ட சின்னங்களில் ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஒரே சின்னத்தில் ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10 ஆகியவற்றைச் சேர்க்கலாம். 140 ஆகிறது, ஏறக்குறைய ஒன்பதரைக்கு ஒன்று. பட்டனிலும் அதற்கு முந்தைய இருக்கையிலும் எல்லா ஜோடிகளும், ஒரே சின்னத்தில் ஏஸுடன் வரும் எந்தச் சீட்டும், மாறுபட்ட சின்னத்தில் ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-ஜாக், ஒரே சின்னத்தில் கிங்-10, குயின்-10, 10-9, 9-8, 8-7 ஆகியவையும் சேர்ந்து 246 ஆகும். ஏறக்குறைய ஐந்தரைக்கு ஒன்று. அனுபவம் கூடக்கூடப் பட்டனில் இதைவிடக் கணிசமாக விரிக்கலாம். முன்னிருக்கைப் பட்டியலை விரிக்க அவசரப்படவேண்டாம். புதியவர்களின் இழப்பில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நோய்க்குறி: இரண்டும் ஒரே சின்னம் என்றால் விட மனம் வருவதில்லை

ரம்மிப் பழக்கம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் இடம் இது. ஜோக்கர் இல்லாத தொடர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதால், ஒரே சின்னத்தில் அருகருகே வரும் சீட்டுகளைக் கண்டால் ரம்மி ஆடுகிறவரின் கண் முதலில் அங்கேதான் போகும். ஸ்பேடு 8, ஸ்பேடு 6 கையில் இருந்தால் 7 வந்தால் போதும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். பதின்மூன்று சீட்டில் அது செல்வம். இரண்டு சீட்டில் அது வெறும் நம்பிக்கை.

எண்களைப் பாருங்கள். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சின்னம்) அமைவது ஏறக்குறைய 118 முறைக்கு ஒன்று. நான்கு சீட்டாகி ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் நிலை வருவது ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று. அப்படிக் காத்திருந்தாலும் ரிவருக்குள் அது நிறைவது நூற்றுக்கு 35 முறைதான். அதே இரண்டு சீட்டு வெவ்வேறு சின்னத்தில் இருப்பதைவிட ஒரே சின்னத்தில் இருப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுவது நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரையே. வழங்கப்படும் கைகளில் ஏறக்குறைய கால் பங்கு ஒரே சின்னத்தில்தான் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: சின்னத்தை மட்டும் பார்த்து நுழைகிறவர் முன்னிருக்கையில் ஆடவேண்டியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஆடிக்கொண்டிருப்பார்.

திருத்தம்: சின்னத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் எண்களை மட்டும் பார்த்து, இது எந்த இருக்கைக்கான கை என்று தீர்மானியுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் கைக்கு மட்டும் சின்னம் தீர்ப்புச் சொல்லட்டும். கிங்-4, குயின்-5 போன்றவை ஒரே சின்னத்தில் வந்தாலும் ஒதுக்கவேண்டியவை. அவற்றில் ஃபிளஷ் அமைந்த பிறகு பெரிய பாட் (நடுவில் சேரும் கொட்டைக் குவியல்) உருவாகும்போது ஏஸ் தலைமையிலான ஃபிளஷ் எதிரே இருக்கும் ஆபத்தும் உண்டு. ஏஸுடன் ஒரே சின்னத்தில் வரும் சிறு சீட்டுக்கு மேலே விலக்குக் கொடுத்ததற்குக் காரணமும் இதுவே.

நோய்க்குறி: கையில் ஏஸ், மேசையிலும் ஏஸ், ஆனாலும் தோல்வி

இரண்டாவது சீட்டு என்ன என்று கேளுங்கள். ஏஸ்-6 வைத்திருப்பவருக்கு ஏஸ் விழுந்தால் எதிரே ஏஸ்-குயின் இருக்கும்போது அவர் நம்புவதற்கு மீதியுள்ள மூன்று 6கள்தான் உள்ளன. அந்த நிலையில் ஏஸ்-குயின் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது முறை, ஃபிளாப்புக்கு முன்பே, வெல்லும் கை. ஏஸ் திறந்த பிறகு இன்னும் அதிகம். வேதனை என்னவென்றால், ஏஸ் விழாதபோது ஏஸ்-6 சிறிதாக வெல்கிறது அல்லது சிறிதாகத் தோற்கிறது. ஏஸ் விழும்போதுதான் பெரிதாகத் தோற்கிறது.

வேறு யாரிடமும் ஏஸ் இருக்காது என்ற எண்ணத்தையும் சோதித்துவிடுவோம். ஒன்பது பேர் மேசையில் உங்களிடம் ஓர் ஏஸ் இருக்கும்போது, மற்ற எட்டுப் பேரில் ஒருவரிடமாவது இன்னோர் ஏஸ் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 70. அப்படி ஏஸ் வைத்திருப்பவர்களில் உங்கள் ரெய்ஸுக்கு எதிராகத் தங்குகிறவரிடம் நல்ல துணைச்சீட்டு இருப்பதே இயல்பு. ஆகவே மாறுபட்ட சின்னத்தில், முன்னிருக்கையில் ஏஸ்-குயினுக்குக் கீழும் நடு இருக்கையில் ஏஸ்-ஜாக்குக்குக் கீழும் எதையும் தொடவேண்டாம். நடு இருக்கையில் ஏஸ்-10 கூட ஒரே சின்னத்தில் இருந்தால் மட்டுமே.

நோய்க்குறி: சிறு ஜோடிகள் கொட்டையைத் தின்கின்றன

2-2 முதல் 6-6 வரையிலான ஜோடி ஃபிளாப்பில் மூன்றாவதைப் பெறுவது எட்டரை முறைக்கு ஒன்று. அது அமையாதபோது பெரும்பாலும் விலகவேண்டியிருப்பதால், அமைந்த ஒருமுறையில் போதிய அளவு கிடைக்கவேண்டும். எதிராளியின் 6 கொட்டை ரெய்ஸுக்குக் கால் செய்வதற்கு (சமமாக வைத்துத் தொடர்வதற்கு) முன், இருவரில் சிறிய குவியலிடம் அதைப்போல் பதினைந்து மடங்கு, அதாவது 90 கொட்டை, மீதமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒதுக்குங்கள்.

நோய்க்குறி: ஏஸ்-ஏஸ், கிங்-கிங் வந்தும் உடைந்துபோகிறது

ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒன்று வருகிறது. வீட்டு மேசையில் மணிக்கு 25 கை என்று வைத்தால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை. அவ்வளவு காத்திருந்து வந்ததை ஓடவிடக் கூடாது என்று பலர் ரெய்ஸ் செய்யாமல் 2 கொட்டையோடு பதுங்குகிறார்கள். இது பெரும் பிழை. யாரோ ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை வெல்கிறது; எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் அது ஏறக்குறைய 35 ஆகிவிடுகிறது. எதிராளிகளைக் குறைப்பதும் பாட்டை வளர்ப்பதும் ஒரே ரெய்ஸால் நடக்கிற வேலைகள். உங்களுக்கு முன் யாரேனும் 2 வைத்து நுழைந்திருந்தால் 6க்குப் பதில், நுழைந்த ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு கூட்டி ரெய்ஸ் செய்யுங்கள்.

பெரிய ஜோடி கையில் இருந்தாலும் மேலான சீட்டு மேசையில் விழுவது அபூர்வமில்லை என்பதையும் முன்பே அறிந்துகொண்டால் மனம் நிலைகுலையாது. கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் வருவது நூற்றுக்கு ஏறக்குறைய 23. குயின் ஜோடிக்கு மேலான சீட்டு வருவது 41. ஜாக் ஜோடிக்கு 57. ஜாக் ஜோடியைப் பலர் ஆட முடியாத கை என்று நொந்துகொள்வதற்குக் காரணம் இந்தக் கடைசி எண்தான். ஆனால் ஜாக் ஜோடியை ரெய்ஸ் செய்து தொடங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். தயக்கத்துக்குரிய இடம் ஃபிளாப்புக்குப் பிறகு வருகிறது.

நோய்க்குறி: பட்டியலில் உள்ள கையையே ஆடுகிறேன், பிறர் ரெய்ஸ் செய்யும்போது மட்டும் தோற்கிறேன்

நீங்கள் முதலில் நுழைவதற்குப் போதுமான கை, வேறொருவர் நுழைந்த பின் போதாது. அமெரிக்கப் போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த இரண்டு தரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனிக் கொள்கையாகவே விளக்கினார். ரெய்ஸ் செய்கிறவர் தம் கை நல்லது என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டார். அதோடு, அவர் ஒதுக்கும்படி செய்து பாட்டை எடுக்கும் வழி கால் செய்கிறவருக்குக் கிடையாது.

இதை ஒரு கையால் முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம், ஏனென்றால் சொன்னால் ஒப்புக்கொள்கிறவர்களும் மேசையில் நம்ப மறுக்கிறார்கள். முன்னிருக்கையில் ஒருவர் மேலே சொன்ன பட்டியலின்படி மட்டும் ரெய்ஸ் செய்கிறார். உங்கள் கையில் ஸ்பேடு ஏஸ், ஹார்ட்டின் ஜாக். உங்களிடம் உள்ள இரண்டு சீட்டைக் கழித்தால் அவரிடம் இருக்கக்கூடிய சேர்க்கைகள் 72. அவற்றில் ஏஸ் ஜோடி 3, ஜாக் ஜோடி 3, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 12 ஆக 42 உங்களைத் தெளிவாக மிஞ்சி நிற்கின்றன. 7-7 முதல் 10-10 வரையிலான 24 சற்றே முன்னால் இருக்கின்றன. ஒரே சின்ன ஏஸ்-ஜாக் 2, உங்களுக்குச் சமம். ஒரே சின்னக் கிங்-குயின் 4 மட்டுமே உங்களுக்குப் பின்னால். எழுபத்திரண்டில் நான்கு! அழகாகத் தெரிந்த ஏஸ்-ஜாக், அந்த ஒரு ரெய்ஸுக்குப் பிறகு ஒதுக்கவேண்டிய கையாகிவிடுகிறது. அதே மனிதர் பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்திருந்தால் அவருடைய 246 சேர்க்கைகளில் ஏஸ்-8, கிங்-ஜாக், 9-8 எல்லாம் அடங்கும். அப்போது ஏஸ்-ஜாக் தாராளமாக ஆடத் தக்கது. ஆகவே ரெய்ஸைக் கேட்டதும் உங்கள் சீட்டைத் திரும்பப் பார்ப்பதற்கு முன், ரெய்ஸ் செய்தவரின் இருக்கையைப் பாருங்கள்.

முன்னிருக்கை ரெய்ஸுக்கு எதிராக ஏஸ், கிங், குயின் ஜோடிகளையும் ஏஸ்-கிங்கையும் மறு ரெய்ஸ் செய்யலாம். ஜாக் ஜோடி, 10 ஜோடி, ஒரே சின்ன ஏஸ்-குயின் ஆகியவற்றைக் கால் செய்யலாம். சிறு ஜோடிகளுக்குப் பதினைந்து மடங்கு விதி பொருந்தும்.

நோய்க்குறி: “ஏற்கெனவே ரெண்டு கொட்டை போட்டுட்டேனே அண்ணா”

பெரிய பிளைண்டில் வைத்த 2 உங்களுடையது அன்று, அது பாட்டினுடையது. இனி வைக்கப்போவதற்கும் கிடைக்கக்கூடியதற்கும் உள்ள விகிதத்தை மட்டும் பாருங்கள். ஒருவர் 6 ரெய்ஸ் செய்து மற்றவர்கள் ஒதுக்கிவிட்டால், பாட்டில் 6, 1, 2 ஆக 9 இருக்கிறது. பெரிய பிளைண்ட் இன்னும் 4 வைக்கவேண்டும். 13இல் 4, அதாவது நூற்றுக்கு 31 வெற்றி வாய்ப்பு போதும். சிறு பிளைண்ட் 5 வைக்கவேண்டும். 14இல் 5, அதாவது 36 வேண்டும், அதற்குப் பின்னாலும் ஒருவர் பேசக் காத்திருக்கிறார். ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேசவேண்டிய இடமும் சிறு பிளைண்ட்தான். ஆகவே பெரிய பிளைண்டில், ரெய்ஸ் பட்டனிலிருந்து வந்திருந்தால், சற்றுத் தாராளமாகக் காக்கலாம். சிறு பிளைண்டில் மிக இறுக்கமாக இருங்கள்.

நோய்க்குறி: யாரும் ஒதுக்குவதே இல்லை, ரெய்ஸுக்கு மதிப்பே இல்லை

புளியங்கொட்டை மேசைக்கே உரிய நோய் இது. தீர்ந்தால் இன்னொரு பிடி அள்ளிக்கொள்ளலாம் என்றால் எவரும் எதையும் கால் செய்வார்கள். முதலில் மேசையைத் திருத்துங்கள்: ஒரு மாலைக்கு ஆளுக்கு 200 மட்டுமே, தீர்ந்தவர் எழுந்து அடுத்த சுற்றுக் காப்பியைப் போடவேண்டும். பிறகு கையைத் திருத்துங்கள். பலர் தங்கும் மேசையில் மாறுபட்ட சின்னங்களில் வரும் கிங்-ஜாக், குயின்-ஜாக் போன்றவை மதிப்பிழக்கின்றன. பெரிய ஜோடிகளும், ஒரே சின்ன ஏஸ் கைகளும், மலிவாக நுழைய முடிந்தால் சிறு ஜோடிகளும் மதிப்பேறுகின்றன. ரெய்ஸ் 6 என்பதை 10 ஆக்குங்கள். அதற்கும் கால் செய்கிறவர்களிடமிருந்துதான் உங்கள் நல்ல கைகளுக்கு உரியது வந்துசேரும்.

நோய்க்குறி: ஒதுக்கிய கையே வென்றிருக்கும் என்று தெரியவந்து மனம் கலைகிறது

7-2ஐ ஒதுக்கினீர்கள், ஃபிளாப்பில் 7-7-2 விழுந்தது. ஜோடியில்லாத கை இரண்டு சீட்டையும் பயன்படுத்தி ஃபிளாப்பில் இரண்டு ஜோடி ஆவதுகூட ஐம்பது முறைக்கு ஒன்றுதான். ஒதுக்கிய கையை மேசைமேல் திறந்துபார்க்கும் வழக்கம் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

நோய்க்குறி: சேலத்தில் நன்றாக ஆடுகிறவர் ஏற்காட்டில் தோற்கிறார்

விடுமுறையில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, காப்பித் தோட்டத்து வீட்டில் மழைக்கு ஒதுங்கி ஆடும்போது பெரும்பாலும் ஐந்து பேர்தான் சேர்கிறார்கள். ஒன்பது பேர் மேசையில் பொறுமையாகக் காத்திருந்து வென்றவர் இங்கும் அப்படியே காத்திருந்தால் பிளைண்டே அவரைத் தின்றுவிடும். மூன்று கொட்டைச் செலவு இப்போது ஐந்து கைகளுக்கு ஒருமுறை வருகிறது. கைக்கு மூன்றில் ஒன்றாக இருந்தது ஐந்தில் மூன்றாகிவிடுகிறது. எதிராளிகளின் கைகளும் அவ்வளவு வலுவாக இருப்பதில்லை. உங்களிடம் ஓர் ஏஸ் இருக்கும்போது மற்ற நால்வரில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்கும் வாய்ப்பு 70இலிருந்து 41ஆகக் குறைகிறது.

இதற்குப் புதிய பட்டியல் எதுவும் தேவையில்லை. ஒன்பது பேர் மேசையில் முதல் நால்வர் ஒதுக்கிவிட்ட பிறகு மீதியிருக்கும் நிலையும், ஐந்து பேர் மேசையின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றே என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஐவர் மேசையில் பிளைண்டுக்கு அடுத்து இருப்பவர் நடு இருக்கைப் பட்டியலையும், அவருக்கு அடுத்தவரும் பட்டனும் கடைசி இருக்கைப் பட்டியலையும் பயன்படுத்தவேண்டும். முன்னிருக்கைப் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை. பின்னால் வரும் காரிலிருந்து இருவர் இறங்கி உட்கார்ந்து மேசை ஏழு பேர் ஆனதும், முதல் இரண்டு இருக்கைகள் குறுகவேண்டும்: முதலாவது முன்னிருக்கைப் பட்டியலுக்கும், இரண்டாவது நடுப் பட்டியலுக்கும் திரும்பட்டும்.